மேக்கணக்கு மணி

பிளேன்டீ போதும் ஐயா, சீனி வேண்டாம். ஓட ஆரம்பித்த காலத்தில் விட்டது, இன்னும் நாக்கு கேட்பதில்லை.

ஜெயிப்பது பலருக்கு வரும். ஜெயித்த பிறகு எப்படி நிற்பது என்பது சிலருக்குத்தான் வரும். எனக்கு வந்தது. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தைப்பொங்கலுக்கு நடக்கும் மரதன் ஓட்டத்தில் பல வருடங்களாக நான்தான் முதல். ஒரு தடவைகூடக் கையை உயர்த்திக் கத்தியதில்லை. கோட்டைத் தாண்டியதும் திரும்பி நிற்பேன். இரண்டாவதாக வருகிறவனை நெஞ்சோடு அணைத்து, தலையைத் தடவி, "நல்லா ஓடுனடா" என்பேன். நான் ஓடியதைவிட அதற்குத்தான் சனம் அதிகம் கைதட்டும். "கஜேந்திரனைப் பாத்துப் படி" என்று என்னைக் காட்டிப் பிள்ளைகளைத் திட்டுவார்கள்.

அணைக்கும்போது தோற்றவனின் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் நெஞ்சில் தெரியும். அவன் அழுகையை அடக்குவதும் தெரியும். அது எனக்குப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

எங்கள் ஓட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் தொடங்கி, தேயிலை மலை வழியாக ஏறி, மேக்கணக்கு என்று நாங்கள் சொல்கிற மேற்பிரிவிலுள்ள முனியாண்டி கோயிலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஏறுகிற எல்லோரும் அங்கே சட்டியிலிருக்கும் திருநீற்றைப் பூசிக்கொண்டு இறங்க வேண்டும், அதுதான் சாட்சி. முதலில் ஏறுகிறவன் மட்டும் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் மூன்று தடவை அடிப்பான். அதை மணி என்போம். கீழே மைதானம் வரைக்கும் கேட்கும். கேட்டதும் சனம் என் பெயரைக் கத்தும்.

விஜிதரன் கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தவன். போன வருடத்துப் பொங்கலில் ஏற்றத்திலேயே என்னைத் தாண்டினான். நான் மூச்சிரைக்கக் கோயிலடிக்கு வந்தபோது, மணியை அடிக்காமல் கம்பியோடு நின்றிருந்தான்.

"நீங்க அடிங்கண்ணே. இத்தன வருசமா ஒங்க மணிதானே."

அடித்தேன். கீழே வழக்கம்போல என் பெயரைக் கத்தினார்கள். இறக்கத்தில் அவன் மறுபடியும் என்னைத் தாண்டிப் போனான். முடிவில் என்னை அணைத்தான். மைக்கை வாங்கி, "அண்ணன் இன்னிக்கி எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு" என்றான். நான் விட்டுக்கொடுக்கவில்லை ஐயா, உயிரைக் கொடுத்து ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "அந்தப் பொடியனுக்கு எம்புட்டு நல்ல மனசு" என்றாள்.

அவன் என்னைக் கேலி செய்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். நான் நினைத்தேன். என் அணைப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே அவன் அணைப்புக்குள்ளும் அதுதான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வருடம் முழுக்க அதையே நினைத்தேன்.

நான் கொழுந்து பறிக்கும் மலையில் ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி. மார்கழியில் அம்மாக்கண்ணு என்ற கொழுந்துக்காரி என்னிடம் வந்து, "கங்காணி, கோயிலுக்குப் பின்னால நிக்கிற கருப்பந்தைல மரத்துப் பொந்துல குளவி கெடக்கு. பெருங்கூடு. ஆளுகள அங்கிட்டு அனுப்பிறாதீங்க" என்றாள். பெண்கள் பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். அதைக் கண்டால் எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் அடி வைக்கமாட்டார்கள். ஆபீசுக்குச் சொல்லிப் புகை போட வைப்பது என் வேலை. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மணி தொங்கிய பழைய மரம் அந்த மாதத்து மழையில் சாய்ந்துவிட்டது. வேறு மரத்தில் மாட்டும் பொறுப்பை விழாக் கமிட்டி எனக்குத் தந்தது. இந்த வருடப் பொங்கலன்று விடியக்காலம் பனியோடு ஏறிப்போய் அந்தக் கருப்பந்தைல மரத்திலேயே மாட்டினேன். பனியில் குளவி கிளம்பாது, வெயில் ஏறி மரம் அதிர வேண்டும். மாட்டும்போது சத்தம் வராதிருக்கத் துண்டின்மேல் சாக்கைச் சுற்றியிருந்தேன், பிறகு அவிழ்த்தேன். சிவப்புத் துணியை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

யார் அடிப்பது என்று நான் முடிவு செய்யவில்லை. முதலில் வருகிறவன் அடிப்பான். நான் முதலில் வந்தால் நானே அடிப்பேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டம் தொடங்கும்போது நல்ல வெயில். விஜிதரன் முன்னால் போய்விட்டான். நான் கோயிலடிக்கு ஏறியபோது, இந்தத் தடவையும் கம்பியோடு காத்து நின்றான்.

"வாங்கண்ணே. ஒங்க மணி."

பொந்து விளிம்பில் ஒரு குளவி நடந்து திரிவதைக் கண்டேன். அப்போது கம்பியை வாங்கித் தூர எறிந்திருக்கலாம். எறியவில்லை. அவன் தோளில் தட்டி, "நீதான்டா சாம்பியன். நீயே அடி" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "மெய்யாவாண்ணே?"

"அடி. நான் கேட்டுக்கிட்டே எறங்குறேன்."

திருநீற்றைப் பூசிக்கொண்டு இறங்கினேன். முதல் அடி கேட்டது, இரண்டாவதும் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. "அண்ணே, குளவி, ஓடுங்க" என்ற அவன் குரல்தான் கேட்டது. நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

வழியில் ஏறி வந்துகொண்டிருந்த மற்ற ஓட்டக்காரர்களைக் கடந்தேன். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கோட்டைத் தாண்டித் திரும்பி நின்றேன். அணைப்பதற்கு வெகுநேரம் யாரும் வரவில்லை.

கோயிலுக்கு மேலே காட்டோரத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. நெற்றியில் திருநீறு மட்டும் கலையாமல் இருந்தது ஐயா. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

சாவீட்டில் அன்று நான் ஜெயித்த கிண்ணத்தை அவன் காலடியில் வைத்தேன். ஊரே அழுதது. யாரோ அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டு, இவனல்லவா வீரன் என்று என்னைப்பற்றி எழுதினார்கள். அவன் மனைவி வினோதா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கீழ வந்தா ஒங்க எல்லார் மேலயும் விழும்னுதாண்ணே அவரு மேல ஓடியிருக்காரு."

இந்த வருடமே விளையாட்டுப் பண்புக்கென்று அவன் பெயரில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். முதலாவதாக எனக்கு. வினோதாவின் கையால் கொடுப்பார்களாம். அவள் கையிலிருந்து அதை வாங்க என்னால் முடியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே பொலிசுக்கு வந்திருக்கிறேன்.

இந்தாருங்கள், அந்தச் சிவப்புத் துணி. மணியை அங்கே மாட்டியது நான், அவனை அடிக்கச் சொன்னதும் நான். விஜிதரனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவன் மேலே ஓடினான் என்று ஊர் சொல்கிறது. குளவி கண்ணில் கொட்டியிருக்கும், அவனுக்கு வழி தெரிந்திருக்காது. எனக்கு அவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை ஐயா. அன்றைக்கு நான் ஓடித்தான் ஜெயித்தேன்.