நீலம் போட்ட வெள்ளை

வலைக்கூடத்தின் தலைமகளே! கறைக்குப் பகையே! காய்ப்பேறிய கைகளுக்கு உரியவரே! எங்கள் மெலானியா பெத்ரிவ்னா அவர்களே! வணக்கம்.

வழியனுப்பு மடலில் புகழ்ந்து எழுதினால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று போன வாரமே சொல்லிவிட்டீர்கள். வாசற்கதவருகே நம் வண்டிக்காரர் ஓஸ்தாப் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பள்ளி விடுதியின் துணி அறையைப் பணிக்காலம் முழுவதும் ஆண்டவர் நீங்கள். போர் வந்து விடுதி காலியானதும், சாவியை ஒப்படைத்த கையோடு நூலகத்துக்கு வந்தீர்கள். நாங்கள் புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, மரச்சட்டத்தில் மீன்வலையை விரித்துக் கட்டி, துணிக்கீற்றுகளை முடிந்துகொண்டிருந்தோம். ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தீர்கள். அவிழ்ந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். அன்றிலிருந்து அந்த ஆணி உங்களுடையது.

கோடைக்குப் பச்சை, இலையுதிர் காலத்துக்குப் பழுப்பு, பனிக்கு வெள்ளை என்று பருவத்துக்கு ஒரு நிறமாக, எதிரியின் கண்ணுக்குத் தப்ப மேலே போர்த்தும் மறைப்பு வலைகள் போர்முனைக்குப் போயின. கூடவே வீரர்களுக்கு மெழுகு ஊற்றிய டின் விளக்குகளும், வெந்நீர் ஊற்றினால் சூப்பாகும் போர்ஷ் பொட்டலங்களும் போயின. திரும்பும் வண்டியில், ஆற்றுக்கு அக்கரையில் போர்முனையை ஒட்டிய ஊர்களின் முதியவர்கள் வந்தார்கள். ஒருமுறை ஓர் ஆடும் வந்தது. யார் வந்தாலும் முதலில் கை கழுவச் சொன்னவர் நீங்கள்.

அழுக்கு உங்களுக்கு ஆகாது. ஊரார் கொடுத்த படுக்கை விரிப்புகளை வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, நீலம் போட்டு, உலர்த்தி, இஸ்திரியும் போட்ட பிறகே கத்தரிக்க விடுவீர்கள். கந்தலாக்கப் போகும் துணிக்கு இஸ்திரி எதற்கு என்று எங்களில் ஒருவரான ரைசா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை இந்த நூலகமே அறியும்: "எம்மவனா இருந்தா அழுக்கத் தூக்கி மேல போடுவேனா?"

அங்கேதான் எல்லாம் தொடங்கியது. போன குளிர்காலத்தின் அந்த ஒரு நாளை இங்கு வந்திருக்கும் விருந்தினர் பலர் அறியமாட்டார்கள். அவர்களுக்காகக் கதையாகவே சொல்கிறோம். வேறு யாரோ ஒருத்தியைப் பற்றியது என்று நினைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. இக்கரையில் லேசாக இருந்தது, அக்கரையில் அடர்ந்து கிடந்தது. மெலானியா புது வெள்ளை வலை ஒன்றை நூலக முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு நின்றார். அக்கரை ஊருக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு, ரொட்டி ஏற்ற வந்த ஓஸ்தாப், பாலத்தில் வரும்போதே அந்த வலை கண்ணில் பட்டதாகச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

"இந்தப் பனியிலயும் பல்லு மாதிரி பளிச்சுனு தெரியுதுக்கா. பற்பசை விளம்பரத்துக்குக் கேக்கப் போறாங்க."

மெலானியா சிரிக்கவில்லை. பாலம் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். கூரைகளில் கிடந்த பனி சாம்பல் நிறம். வயலில் கிடந்ததும் அதே நிறம். அடுப்புப் புகையும் குண்டுகளின் கரியும் படிந்த பனி. அதன் நடுவே அவர் துவைத்த வலை மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையாக நின்றது. அதே நீலத்தில் தோய்ந்த இன்னொரு வலை அந்த வாரத் தொடக்கத்தில் ஆற்றைக் கடந்து போயிருந்தது.

அதை வாங்கிப்போனவள் உலியானா. ரொட்டி விற்ற பழைய வேன் ஒன்றை ஆம்புலன்சாக்கி, காயம்பட்டவர்களை ஏற்றி வருபவள். மெலானியா தொலைபேசியில் பலமுறை முயன்ற பிறகே இணைப்பு கிடைத்தது. வேன் அக்கரைத் தோப்போரம் பள்ளத்தில் இறங்கிக் கிடப்பதாக உலியானா சொன்னாள். உள்ளே காயம்பட்ட வீரர்கள் இருவர், ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு முதிய தம்பதி. மேலே அந்த வலை. மூடுபனி இருக்கும்வரை எதிரியின் ட்ரோன் வராது. விலகிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் முதலில் தெரிவது அந்த வேன்தான்.

வலையை எடுத்துவிடு என்றார் மெலானியா. எடுத்தால் வேன் கறுப்பு, அது இன்னும் மோசம் என்றாள் உலியானா. மண்ணைப் பூசலாம் என்றால் மண் இரும்பாக உறைந்திருந்தது. சாம்பலைப் பூசலாம் என்றால், புகை காட்டிக்கொடுக்கும் என்று அங்கே யாரும் அடுப்பே மூட்டவில்லை.

"பனி எப்ப விலகும்?"

"மதியத்துக்குள்ள. காத்து எழும்புதும்மா."

மெலானியா நூலக அடுப்பைத் திறந்து சாம்பலை அள்ளினார். அக்கம்பக்கத்து அடுப்புகளுக்கு ரைசா ஓடினார். வலைக்கூடத்துப் பெண்கள் ஆற்றைக் கடக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அதைப் போட்டவர் மெலானியாவேதான். ரைசா அதை நினைவூட்டி, ஓஸ்தாப்பிடம் கொடுத்தனுப்பினால் போதாதா என்று கேட்டார். எது பளிச்சென்று தெரியும், எது தெரியாது என்பது அந்த மனிதருக்கு எப்படிப் புரியும், அவர் சட்டையைப் பார் என்று சொல்லிவிட்டு மெலானியா ஓஸ்தாப்பின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இடம் போதாத ஒரு சாம்பல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாலம் தாண்டியதும் ஓஸ்தாப் விளக்கை அணைத்தார்.

"மூச்ச விடுங்கக்கா. நீங்க அடக்கிப் பிடிச்சா பனி நிக்கப்போறதில்ல."

"நீ ரோட்டப் பாரு."

வழியில் ஒரு மின்கம்பம் உச்சிவரை தெரிந்தது. காலையில் அதன் பாதிகூடத் தெரியவில்லை; ஓஸ்தாப் வேகத்தைக் கூட்டினார். மெலானியாவுக்கு வேறொன்று நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா விரிப்புகளுக்கும் ஒருமுறைதான் நீலம். உலியானாவின் வலைக்கு மட்டும், கேட்டவள் அவளாயிற்றே என்று, இரண்டு முறை போட்டிருந்தார்.

தோப்பை அடைந்தபோது வேனைத் தேடவேண்டியிருக்கவில்லை. மரங்களுக்கிடையே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வேனை இழுத்து ஏற்ற நேரமில்லை. ஓஸ்தாப் தன் வண்டியைக் கூரை பாதி போன கொட்டிலுக்குள் விட்டுவிட்டு மூட்டைகளைச் சுமந்து வந்தார். மூடுபனியில் வலை நனைந்திருந்ததால் சாம்பல் ஒட்டியது. தூவினார்கள், அப்பினார்கள், ஓஸ்தாப் தொப்பியால் அள்ளி வீசினார். ஒரே சீராகப் பூச மெலானியா விடவில்லை. இங்கே கனமாக, அங்கே லேசாக, வயலில் பனி கிடப்பதைப் போல. தூரப் போய் நின்று பார்ப்பார், ஓடி வந்து ஒரு கை அப்புவார், மறுபடி தூரப் போவார். கடைசி மூட்டை தீரும்போது தோப்பின் அந்தக் கோடி தெரிந்தது. பிறகு வானம் தெரிந்தது.

எல்லாரும் வேனுக்குள் ஏறினார்கள். உள்ளே இருந்த முதியவள் மெலானியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையத் தொடச்சிட்டு உக்காரும்மா. இங்க காயம்பட்ட பிள்ளைங்க இருக்கு."

மெலானியா பாவாடையின் உட்புறத்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ட்ரோனின் இரைச்சல் ஆற்றுப்பக்கமிருந்து வந்தது. தலைக்கு மேல் வந்து நின்றது. நகர்ந்தது. திரும்பி வந்து முன்னைவிடத் தாழ்வாக நின்றது. முதியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். படுத்திருந்த வீரன் கண்ணைத் திறக்காமல் மெல்லச் சொன்னான்:

"இந்த வலை வந்தன்னிக்கு நல்ல வாசன அடிச்சுது. எங்க வீட்டுத் துணி அலமாரி மாதிரி."

மெலானியா சாம்பல் முழுதும் போகாத கையை அவன் வாயருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். இரைச்சல் ஒரே இடத்தில் நின்றது. அவர் கையும் அப்படியே நின்றது. பிறகு இரைச்சல் தேய்ந்தது. இருட்டும்வரை யாரும் கதவைத் திறக்கவில்லை. இருட்டியபின் ஓஸ்தாப் கயிறு கட்டிப் பள்ளத்திலிருந்து வேனை இழுத்தார். எல்லாரும் பாலத்தைக் கடந்தார்கள்.

கதை அவ்வளவுதான். இனி உங்களிடம் பேசுகிறோம்.

மறுநாள் நீலப் பொட்டலங்களை மேசைமேல் வைத்தீர்கள். "இது என் கை செஞ்ச தப்பு. யாரும் பங்குக்கு வராதீங்க" என்றீர்கள். அன்றே தொட்டியில் சாம்பல் கரைத்தீர்கள். ஆயுள் முழுவதும் கறையை எடுத்த கைகள் அதன்பின் கறையை ஏற்றின, கறை எடுத்த அதே சிரத்தையோடு. அன்று தொட்டு எந்த வலையும், பாலத்தில் நின்று ஒருவர் பார்த்துத் "தெரியல" என்று சொல்லாமல் ஆற்றைக் கடந்ததில்லை. நாளையும் அப்படித்தான். நாளை நிற்கப்போவது ரைசா.

இப்போது உங்கள் விரல்கள் முடிச்சை இறுக்க மறுக்கின்றன. பொல்தாவா நகரிலிருந்து மகள் அழைக்கிறாள். போய் வாருங்கள். உலியானா வரவில்லை, வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆணியில் யாரும் கோட்டு மாட்டமாட்டோம்.

நோயின்றி, குளிரின்றி, பேரப்பிள்ளைகளின் கைகளைக் கழுவவைத்துக்கொண்டு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்!

இந்த மடலை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றித் தருகிறோம். கத்தரி படாதது, சாம்பல் படாதது. நாங்கள் துவைத்து, நீலம் இரண்டு முறை போட்டு, இஸ்திரி போட்டது. இப்போதைக்கு மடித்தே வைத்திருங்கள். வானத்தை அண்ணாந்து பார்க்காமல் துணி உலர்த்தும் நாள் வந்ததும், முற்றத்தில் கொடி கட்டி விரித்துப் போடுங்கள். எவ்வளவு தொலைவிலிருந்தும் தெரியட்டும்.

உங்கள் கையால் முடிச்சுப் பழகிய,
நூலக வலைக்கூடத்தார்