காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

மேடையில் இருக்கும் ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அக்கா எழுதிக் கொடுத்த மனுக்களை இன்றும் கையில் பிடித்தபடி வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பேசுபவர்கள் பட்டியலில் என்னை மூன்றாவதாகப் போட்டிருந்தார்கள். கடைசியாகப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பிறகு பேசுகிறவர்களுக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்று நினைத்தேன்.

மக்கள் பதிவேட்டு அலுவலகம், பெயர் நீக்கப் பிரிவு, முதுநிலைப் பதிவாளர். இதுதான் மறைந்த நம் அக்காவின் பதவி. இறந்தவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது அவர் வேலை. அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் இந்த ஊரில் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும். பெயர் போய்விட்டால் எதிரே நின்று பேசினாலும் நீங்கள் ஆள் இல்லை. அலுவலகத்தின் மூன்று மாடியிலும் அவரை யாரும் பதவி சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'எதுக்கும் அக்கா' என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட நான்கு வயது மூத்த நானும், அவருக்கு மேலதிகாரியாக இருபத்திரண்டு வருடம் இருந்த நானும், அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

ஏன் அந்தப் பெயர்? ஓர் இறப்புத் தகவல் வரும். மருத்துவமனை முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். நான் ஒப்புதல் போட்டு அனுப்புவேன். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். "எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்பார். வெயிலா, மழையா, பேருந்து இல்லாத தெருவா, அவருக்கு அக்கறை இல்லை. கதவைத் தட்டாமல் ஒரு பெயரை அவர் நீக்கியதே இல்லை. அப்படி ஒரு விதி எங்கள் சட்டப் புத்தகத்தில் கிடையாது. அது அவராக வைத்துக்கொண்ட விதி.

நான்காவது வரிசையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இறந்துவிட்டார் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. அக்கா போய்க் கதவைத் தட்டினார். கழுத்தில் இஞ்ச் டேப்போடு இவரே வந்து திறந்தார்.

"யாரும்மா வேணும்?"

"நீங்க இறந்துட்டதா தகவல் வந்திருக்குங்க."

"அப்படியா? ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. இந்தக் கால்சட்டைக்குப் பட்டன் வெச்சுட்டு வந்துடறேன்."

இறந்தது அவருடைய தம்பி. ஒரே வீடு என்பதால் ஆஸ்பத்திரியில் அண்ணன் பெயரை எழுதிவிட்டார்கள். அக்கா திரும்பி வந்து என் மேசை மீது தாளை வைத்து, "உங்க பிணம் எனக்கு டீ போட்டுக் கொடுத்துச்சு சார்" என்றார். அலுவலகம் முழுவதும் சிரித்தது. ஒப்புதல் போட்டவன் நான் என்பதால் நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

நண்பர்களே, இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரிய பணக்காரர் வந்தார். உங்கள் பையில் இருக்கும் போன் அவருடையது. அந்தப் போனுக்கு வரும் செய்தியும் அவருடையது. உங்கள் மருந்தை ஏற்றி வரும் லாரியும் அவருடையது. போதாக்குறைக்கு அரசாங்கத்தின் பதிவேடுகளைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வந்தார். சம்பளமே வேண்டாமாம். அவர் எந்தத் தேர்தலில் நின்றார்? நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா? நான் போட்டேனா? எங்களைப் போலத் தேர்வு எழுதினாரா? ஒரு சின்னத் தவறுக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு உறக்கம் கெட்டுக் கிடந்தாரா? எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லாக் கதவும் அவருக்குத் திறந்தது.

ஒரு வாரத்தில் எங்கள் கணினிகள் அவருடைய ஆட்களின் கைக்குப் போயின. ஆறு மாதமாக ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ பேருந்து அட்டையிலோ தடம் இல்லாதவர் இறந்தவர் என்று அவர்களுடைய இயந்திரம் முடிவு செய்தது. ஒரே மத்தியானத்தில் நான்காயிரத்துச் சொச்சம் பேர் போனார்கள். நோய் நொடி இல்லாமல் வீட்டோடு இருந்ததுதான் அவர்களில் பலர் செய்த குற்றம். தையல்காரர் மறுபடியும் இறந்தார். இந்த முறை யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. பிறகு கண் அறுவைக்குப் போனபோது, பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவர் மனைவி.

மறுநாள் அக்காவின் அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. 'உங்கள் பிரிவு இனித் தேவையில்லை' என்று போனில் ஒரு வரி வந்தது. இருபத்தொன்பது வருட வேலைக்கு ஒரே ஒரு வரி. எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் போய் உட்கார்ந்தார். பெயர் நீக்கப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ஊரே கொதித்துப்போய் எங்கள் வாசலில் திரண்டிருந்த நாட்கள் அவை. முதல் வாரம் தெரு கொள்ளாத கூட்டம். இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நிழற்குடையில் அக்கா மட்டும் இருந்தார்.

அவரும் பெயர் நீக்கப்பட்ட பதினோரு பேரும் நீதிமன்றம் போனார்கள். கேட்டது ஒரே கேள்வி. இந்த மனிதர் அரசாங்கத்தில் யார்? எந்தப் பதவியில் இருந்துகொண்டு எங்கள் பெயரை எடுத்தார்? அதற்குப் பதில் இல்லை என்றால் நான்காயிரம் பேரும் பதிவேட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். நீதிபதியும் அதையே கேட்டார். எதிர்த்தரப்பு ஒரு தாளை நீட்டியது. எங்கள் அலுவலகத்தின் கணினி அனுமதிப் படிவம். அதில் 'பதவி' என்ற கட்டத்தில் 'சிறப்பு ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. அரசுப் பதிவிலேயே பதவி இருக்கிறது என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அதை எழுதியவன் நான்.

அந்தப் படிவம் என் மேசைக்கு வந்தபோது பதவிக் கட்டம் காலியாக இருந்தது. அவர்கள் பொய் எழுதவில்லை, நண்பர்களே. பதவி இல்லை, அதனால் எழுதவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தை வாங்கமாட்டேன் என்று பேர் வாங்கியவன் நான். அவரைக் கூட்டி வந்த அமைச்சரின் கார் கீழே நின்றுகொண்டிருந்தது. திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. காலியாக வாங்கவும் கை வரவில்லை. அதனால் நானே நிரப்பினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. வெறும் பழக்கதோஷம். நான் எழுதிய பிறகுதான் அந்த மனிதருக்கு ஒரு பதவி பிறந்தது. அடுத்த துறை என் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டது, அதற்கடுத்த துறை அதைப் பார்த்து எழுதிக்கொண்டது.

தீர்ப்பு நாளில் நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்தேன். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"அது உங்க கையெழுத்துதானே சார்?"

நான் சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலைப் பார்த்தேன்.

"எங்க மாமியாரோட விண்ணப்பத்தை, ஒரு கட்டம் விட்டுப்போச்சுன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க. அந்த ஆளோடதை ஒரு தடவை அனுப்பக் கூடாதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பிறகு, "பரவாயில்ல, மேல்முறையீட்டுல ஒரு வாக்குமூலம் கொடுங்க. கட்டம் காலியா இருந்துச்சு, நான்தான் எழுதினேன்னு சொன்னாப் போதும்" என்றார். சரி என்றேன். நான் ஓய்வு பெற அப்போது ஐந்து மாதம் இருந்தது. அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

மேல்முறையீடு நடந்தது. கூட இருந்த பதினோரு பேரும் அலுத்துப்போய் ஒவ்வொருவராக விலகினார்கள். அக்கா மட்டும் நின்றார். என் வாக்குமூலம் கேட்டு நான்கு முறை என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். நான்காவது முறை வந்துபோன பதினோராம் நாள் மாரடைப்பில் இறந்தார். ஐம்பத்தாறு வயது. மனுதாரர் இல்லை என்பதால் வழக்கையும் முடித்துவிட்டார்கள்.

நேற்று வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொண்டுபோனேன். "வழக்கே இல்லையே சார், இதை எந்த ஃபைல்ல வைக்கறது?" என்று கேட்டார். அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பெரிய மனிதர் இன்னும் நான்கு துறைகளைச் சுத்தம் செய்யப் போயிருக்கிறார், நான் கொடுத்த பதவியோடு.

செயலாளர் என்னிடம் ஓர் உறுதிமொழித் தாளைத் தந்திருக்கிறார். 'அக்காவின் பணியைத் தொடர்வோம், வென்று காட்டுவோம்' என்று இருக்கிறது. வென்று காட்டுவோம் என்பதை நான் வாசிக்கப்போவதில்லை. மன்னியுங்கள், செயலாளர் அவர்களே. தொடர்வோம் என்பதை வாசிக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு நிழற்குடையில் உட்காருவேன். முதல் மனு தையல்காரருக்கு. அதை வாங்குவதற்கு உள்ளே ஆள் இல்லை, ஒரு கணினித் திரை மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுவேன். மறுநாளும் எழுதுவேன்.

கடைசியாக முன்வரிசைக்கு ஒரு வார்த்தை. அண்ணே, நான்கு முறையும் நீங்கள்தான் அவரை ஸ்கூட்டரில் கூட்டி வந்து கீழே காத்திருந்தீர்கள். நான்கு முறையும் அவர் இறங்கி வந்து, சார் ஊரில் இல்லை என்று சொன்னாராம். அவர் இறந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா கொடுத்திருப்பீங்க சார்" என்று அழுதீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

நான் வீட்டில்தான் இருந்தேன், அண்ணே. நான்கு முறையும். அக்காவுக்கும் அது தெரியும். கடைசி முறை தட்டிவிட்டு, மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார், "செருப்பு வெளியிலதான் கிடக்கு சார்." கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் திறக்கவில்லை.