கேப்டன் கர்வாலோவ் எழுதிய அறிக்கையும் நான் எழுதிய வரியும்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் ஒக்னியான் ஸ்தானெவ் அவர்களே, விமானிகள் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி ராதோஸ்வேதா கர்வாலோவா அவர்களே, விமானிகளே, பணியாளர்களே, உறவினர்களே!

நம் கேப்டன் லியூபென் கர்வாலோவ் மறைந்து இன்று நாற்பதாம் நாள். மண்டபக் கதவில் அவர் படம் போட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மேசையில், இறந்தவர் நினைவாகப் பகிரும் வேகவைத்த கோதுமை இருக்கிறது. எனக்கு முன் பேசியவர்கள் அவரை மாமனிதர் என்றார்கள். இருபத்தாறு ஆண்டுகள் பறந்தவர், பதினான்கு ஆண்டுகள் பயிற்சிப் பிரிவின் தலைவர். எல்லாம் உண்மை. ஆனால் கடைசி ஏழு மாதங்கள் அவர் ஏன் பயிற்சிப் பிரிவில் இல்லை? அதை ஒருவரும் சொல்லவில்லை. பாதுகாப்பு ஆய்வுப் பிரிவின் பொறுப்பில் இருப்பவள் நான். நான்தான் சொல்ல வேண்டும்.

விமானத்தில் விமானிகள் அமரும் அறையில் ஒரு எச்சரிக்கைக் கருவி உண்டு. நாங்கள் அதைப் பெட்டி என்போம். எதிரே இன்னொரு விமானம் மோத வந்தால் அது 'ஏறு' என்றோ 'இறங்கு' என்றோ கத்தும். ஐந்து நொடிக்குள் கீழ்ப்படிய வேண்டும். தரையிலிருந்து வேறு ஆணை வந்தாலும் பெட்டி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் இரண்டு விமானங்களின் பெட்டிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்றை மேலே அனுப்பினால் மற்றதைக் கீழே அனுப்புகின்றன.

இது விதி. நம் வழக்கம் என்ன? வானம் தெளிவாக இருக்கும் நாளில் பெட்டி கத்தினால், நம் கேப்டன்கள் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். ஒரு விமானம் கண்ணில் படும். "பாத்துட்டேன்" என்பார்கள். அவ்வளவுதான்! சட்டென்று ஏறினால் பின்னால் காபி சிந்தும், பயணிகள் புகார் எழுதுவார்கள்.

இந்த வழக்கத்தோடு கர்வாலோவ் பதினான்கு ஆண்டுகள் சண்டை போட்டார். "கண்ணு பாத்த விமானமும் பெட்டி சொன்ன விமானமும் ஒண்ணுதான்னு உனக்கு யாருப்பா எழுதிக் குடுத்தது?" என்று பயிற்சியில் கேட்பார். கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

கடந்த ஆகஸ்டில், வார்னா நகரில் இறங்கும் வழியில், அந்தத் தவறை அவரே செய்தார். பெட்டி 'ஏறு' என்றது. வலப்பக்கம், வெகு தள்ளி, கீழே ஒரு விமானம் தெரிந்தது. "பாத்துட்டேன்" என்றார். மோத வந்தது வேறொரு விமானம். அது மூக்குக்கு அடியில், கண்ணுக்கு மறைவாக ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டும் விலகின. பயணிகள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தரையிறங்கியதும் துணை விமானி தீஹோமிர் சொன்னாராம்: "கேப்டன், யாருமே பாக்கல. விட்டுடுங்களேன்."

"நான் பாக்காததுதானே பிரச்சினையே!" என்று சொல்லிவிட்டு, விமானத்தை விட்டு இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தன் பெயரோடு எழுதினார். காரணம் தேடாமல் எழுதினார். மறுநாள் என் அறைக்கு வந்து, "டாக்டரம்மா, இதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது. என் பேரைப் போட்டே நடத்துறேன்" என்றார்.

தானாக முன்வந்து எழுதுபவரைத் தண்டிக்க மாட்டோம் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்குறுதியின் கீழே இருப்பது என் கையெழுத்து.

நிறுவனத் தலைவர் என்னை அழைத்தார். "ஒருத்தர் பண்ண தப்பா, எல்லாரும் பண்றதா? ஒரே வரியில எழுதிக் குடுங்க" என்றார். எல்லோரும் செய்வது என்றால் விமானிகள் அனைவரையும் மறுபயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கோடையின் பாதிப் பயணங்கள் ரத்தாகும். என்னிடம் மூன்று ஆண்டுப் பதிவுகள் இருந்தன. இருபத்தாறு எச்சரிக்கைகள். பதினொன்றில் விமானி கீழ்ப்படியவில்லை. அந்தப் பதினொரு பேரில் உண்மையை எழுதியவர் ஒருவர்தான். அவையோரே, இதெல்லாம் தெரிந்துதான் நான் எழுதினேன்: 'தனிநபர் கவனக்குறைவு.'

உண்மை சொன்னவரைப் பயிற்சியிலிருந்து நீக்கினோம். சொல்லாத பத்துப் பேர் பறந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தக் கணக்கை நான் கர்வாலோவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு முறைதான் கேட்டார். "டாக்டரம்மா, அந்தப் பதினொண்ணு என்னாச்சு?"

"ஆய்வுல இருக்கு, கேப்டன்."

அவர் சிரித்தார். "உங்க பெட்டியும் கத்துது. நீங்களும் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க."

மனவேதனையில்தான் இறந்தார் என்று இங்கே இருவர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. மாரடைப்புக்கு எத்தனையோ காரணங்கள். ஆனால் அதை வைத்து நான் செய்தது சிறியதாகிவிடுமா? விமானிக்கு நாம் ஐந்து நொடி தருகிறோம். அதைத் தாண்டியவர்களைக் கணக்கெடுப்பது என் வேலை. நான் எடுத்துக்கொண்டது எட்டு மாதத்துக்கும் மேல். அதுவும் அவர் போன பிறகு. வெட்கப்படுகிறேன். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு என் வரியைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு பதிவுகளும் அதனுடன் போயிருக்கின்றன, பெயர்கள் இல்லாமல். தலைவருக்கு இன்று காலை பிரதி தந்தேன். அவர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. நான் இந்தப் பதவியில் நீடிப்பேனா என்று தெரியாது. நீடித்தாலும் இல்லாவிட்டாலும், கர்வாலோவ் தன் பெயர் போட்டு நடத்த விரும்பிய பாடம் இங்கே நடக்கும். அதற்கு என்னால் ஆனதைச் செய்வேன்.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. திருமதி ராதோஸ்வேதா அது வேண்டாம் என்கிறார். "அவர் இருந்தப்பவே எல்லாரும் போதுமான அளவு வாயை மூடிக்கிட்டு இருந்தாச்சு" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி.

ஆகவே ஒலிவாங்கியை அணைக்காமல் இறங்குகிறேன். அந்தப் பத்துப் பெயர்களும் எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பது விதி, நல்ல விதி. சொல்ல வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.