அம்மாவின் முறை

எங்கள் வீட்டில் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பினால் முதலில் இறங்குவது அம்மா. பிறகு தம்பி நவோதோ. அதே தண்ணீரில் கடைசியாக நான். என் முறை வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நவோதோவுக்குக் கல்லூரி நாளிலேயே காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. பிற்பாடு அம்மாவுக்கு மறதி வந்தது. இருவரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். நல்ல பொறுமைசாலி என்று தெருவில் எனக்குப் பெயர்.

அன்று மாலை அம்மா தொட்டியில் மூழ்கிக் கிடந்தாள். போலீஸ் வந்தபோது நவோதோ நனைந்த சட்டையோடு அவளைக் கட்டிப்பிடித்திருந்தான். "தூக்கத்தான் செஞ்சேன்" என்றான். ஏழை சொல்லே அம்பலம் ஏறாது. குரல் கேட்கிறவன் சொல் எங்கே ஏறும்? குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே இத்தனை வருஷம் என்று கணக்கு கிடையாது. ஆறு மாதத்துக்கொரு முறை நீதிமன்றம் விசாரிக்கும். செய்ததை உணர்ந்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள்கூடப் போய்விட்டார்கள்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடறாரு, சயோகோசான். நான் செய்யலைங்கற பிடிவாதம் மட்டுந்தான் நோயா மிச்சமிருக்கு" என்று என்னிடம் சொல்வார் டாக்டர் முராகி.

"அவசரமில்ல டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்பேன்.

ஒருமுறை நவோதோ கேட்டான்: "அன்னிக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே உன் கை ஈரமா இருந்துச்சே, அக்கா?" நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் மருந்தைக் கூட்டினார்.

ஒரே ஒருநாள் சூடான தண்ணீரில் முதலில் இறங்க ஆசைப்பட்டேன். "வேலைக்காரிக்குக் கடைசிலதான். வெளிய போடி" என்றாள் அம்மா. அவள் தலையில் கை வைத்தேன். ரொம்ப அழுத்தவில்லை. எழ விடவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் முதல் முறை அவளுக்குத்தான். வெந்நீரை நிரப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயம்தான். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் நின்ற பிறகே இறங்குவேன். அதற்குள் ஆறிவிடும்.

போன மாதம் கமலாப்பழம் கொண்டுபோனேன். நவோதோ உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினான்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன், அக்கா. இனி வீட்டுக்கு வரலாமாம்."

"ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்ல. ஆனா நான்தான்னு நீ சொல்றியே. நீ பொய் சொல்லமாட்டியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். சம்மதம் என்றேன். நாளைக்கு வருகிறான். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். நான் அவனை மனதார மன்னித்துவிட்டேன்.