அரைமணி அவகாசம்

பென்சில் கொடுத்ததற்கு நன்றி. வாக்குமூலத்தைப் பேனாவில்தான் எழுதவேண்டும் என்று உங்கள் சார்ஜென்ட் பிடிவாதம் பிடித்தார். நீங்கள்தான் போனால் போகிறது என்று விட்டீர்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பழைய காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்தவன் நான். அங்கே மை கூடாது. ஒரு சொட்டு சிந்தினால் இருநூறு வருஷத்துக்கு முன் பிறந்த ஒருவன் பிறக்காமலே போய்விடுவான். அந்தப் பழக்கத்தில், பேனாவைப் பிடித்தாலே ஏதோ தப்புக் காரியம் செய்வதுபோல் விரல் கூசுகிறது.

பெயர் மர்டோ மக்காஸ்கில். வயது எழுபத்திரண்டு. கில்மோரன் வட்டார வரலாற்றுச் சங்கத்தின் ஆவணப் பொறுப்பாளன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பள்ளிக்கூடத்தின் பின்னறை, ஒரு பக்கம் மட்டும் எரியும் ஹீட்டர், என்னிடம் ஒரு சாவி, அவ்வளவுதான். வியாழக்கிழமைதோறும் பகலில் திறந்திருக்கும். கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மழைக்கோட்டோடு வந்து, தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் கோட்டையில் பிறந்தான் என்று கேட்பார்கள். அவன் பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையில் பிறந்திருப்பான். "கோட்டை நல்லாத் தெரியிற இடத்துலதாம்மா பொறந்திருக்காரு" என்பேன். சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஊரில் எனக்குக் கோமாளிப் பட்டம். கல்யாண வீடோ சாவு வீடோ, நான் பேச எழுந்தால் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு உதவும்.

இறந்துபோன நினியன் மாதிசனை எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். என் கணக்கை அவன் பார்த்து எழுதுவான், அவன் ரொட்டியை நான் தின்பேன். சங்கத்துக்கு அவன்தான் தலைவர். ஆர்ட்வெய்க் கிராமத்தில் ஹெதர்ப் புதர் வேய்ந்த கூரையோடு மிஞ்சியிருந்த ஒரே வீடு அவனுடையது. சங்கத்தின் துண்டுப்பிரசுர அட்டையில் அந்த வீடு இருந்ததால், உள்ளே இருந்தவனைத் தலைவராக்கிவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து இரண்டு கைத்தடி. துணைக்கு ஜெஸ் என்ற கிழட்டு நாய்.

இனி மரியனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1821-ல் ஆர்ட்வெய்க்கில் இருபத்தொரு வீடுகள் இருந்தன. ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த எஸ்டேட்டுக்கு ஆடு விட இடம் வேண்டியிருந்தது. மனிதரைவிட ஆட்டால் வரும்படி அதிகம். குத்தகை முடியும் மே மாதத் தவணை நாளன்று, தெற்கேயிருந்து வந்த நினியன் டல்லாக் என்ற எஸ்டேட் ஏவலாள் வீடுவீடாகக் கதவைத் தட்டி, ஆளுக்கு அரைமணி கொடுத்தான். அரைமணி கழிந்ததும் தணல் எடுத்துக் கூரையில் வைத்தான். மரியன் மக்காஸ்கிலுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். அவளால் நடக்க முடியவில்லை. கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கிப்போனார்கள். மூன்றாம் நாள் கல்லறைத் தோட்டச் சுவரோரம், மழையில் செத்துப்போனாள். பிள்ளை பிழைத்தது. அதன் வழியில் வந்தவன் நான்.

அடக்கப் பதிவேட்டில் அவளுக்கு ஒரே வரி. "மரியன் மக்காஸ்கில், ஆர்ட்வெய்க்." இறப்புக் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல். "குளிர்."

குளிர். ஏதோ வானிலை அறிக்கை மாதிரி.

அதை நான் முதலில் படித்தபோது எனக்கு நாற்பது வயது. அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன், ஆனால் அந்தச் சொல் செரிக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? டல்லாக் பிள்ளைகுட்டி இல்லாமல் செத்தான். எஸ்டேட் நான்கு கை மாறி, இப்போது ஏதோ ஓய்வூதிய நிதியிடம் இருக்கிறது. ஓய்வூதிய நிதிக்கு மூக்கு கிடையாது, குத்துவதற்கு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கோபத்தை, இறக்கிவைக்க இடமில்லாத மூட்டைபோலச் சுமந்துகொண்டு ஊரைச் சிரிக்கவைத்தேன்.

போன குளிர்காலத்தில் எனக்கு இடம் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் பெயரை ஆசைக்கு வைப்பதில்லை. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். அந்த வரிசையை வைத்துக்கொண்டு, எலி தின்ற பக்கத்தில் இருந்தவனைக்கூட நான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். வரிசையில் சேராத பெயர் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கும். மாதிசன் குடும்பத்தில் அதுவரை ஒரு நினியன்கூட இல்லை. வடக்கேயே அபூர்வமான பெயர். 1823-ல் திடீரென்று மூத்த மகனுக்கு நினியன். அதன்பின் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை நினியன். ஊரில் அதற்கு முன் இருந்த ஒரே நினியன், டல்லாக்.

இருபத்தொரு வீட்டில் இருபது எரிந்தன. எரியாதது மாதிசன் வீடு. அவர்கள் படகுக்காரர்கள், ஆடுகளைக் கரையிறக்கப் படகு தேவைப்பட்டது, அதனால் விட்டுவைத்தார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் கூரையைத் தப்பவிட்டவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்துக் கொஞ்சுவது வேறு சங்கதி.

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம். இருபத்தாறு பேர். கட்டுரையாக எழுதி வாசித்தேன். முடித்ததும் நினியன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்போ, தீ வச்சவன் பேரையே எங்காளு பிள்ளைக்கு வச்சிருக்கான்ங்கிற?"

"ஞானஸ்நானப் பதிவேடு, எஸ்டேட் பதிவேடு, ரெண்டும் அதைத்தான் சொல்லுது."

"அடப்பாவி. எங்க குடும்பத்துல எவளோ ஒருத்தியோட காதலன் பேராக்கும்னுல்ல நெனச்சேன்."

கூட்டம் சிரித்தது. பேக்கரி வில்மா விடுவாளா? "மர்டோ, எங்க வீட்டுல யாரு கொலைகாரன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லிரு. கிறிஸ்துமஸுக்கு யாரைக் கூப்பிடலாம்னு தெரியணும்" என்றாள்.

"ஒரு பொம்பளை செத்திருக்கா" என்றேன்.

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். பழக்கதோஷம். தேநீர் வேளையில் நினியன் பக்கத்தில் வந்து என் தோளில் கைவைத்தான்.

"இருநூறு வருஷம் ஆச்சுடா மர்டோ. அவளைத் தூங்க விடேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதை நான் மறைக்கவில்லை. அவன் ஏளனமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். வெயிலும் மழையும் படாத கூரைக்கடியில் ஏழு தலைமுறை தூங்கியவன், சுவரோரம் நனைந்து செத்தவளைத் தூங்கவிடச் சொன்னான்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி அவன் வீட்டுக் கதவுக்கடியில் ஒரு நோட்டீஸ் தள்ளினேன். வீட்டைக் காலிசெய்யும் நோட்டீஸ். பழைய வாசகத்தில் ஒரு சொல்கூட மாற்றவில்லை. மே இருபத்தெட்டு, தவணை நாள், பகல் இரண்டு மணி. நாற்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஒரு நாள்கூட நான் குறைக்கவில்லை.

அவன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டினான். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினான். கடைக்குப் போனால், "நினியா, அதிகாரி வர்றாரு, கூரையைப் பிடிச்சுக்கோ" என்பார்கள். "எரிக்கிறதுக்கு முன்னாடி எனக்கொரு ஜன்னலைக் கழட்டி வச்சிரு மர்டோ" என்றார் தபால்காரர். நாற்பது நாள் ஊரே சிரித்தது. நானும் கூடவே சிரித்தேன். இல்லாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

நேற்று மே இருபத்தெட்டு, வியாழக்கிழமை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சங்கத்துக் கதவில் விடுமுறை அட்டை தொங்கவிட்டேன். மூன்று வாரமாக மழை இல்லை. மூடிபோட்ட வாளியில் என் வீட்டுக் கணப்பிலிருந்து கரித்தணல் எடுத்துப்போனேன். சரியாக இரண்டுக்குக் கதவைத் தட்டினேன்.

"வந்துட்டியா அதிகாரி? வாளியில என்னடா, நண்டா?"

"அரைமணி தர்றேன் நினியன். வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு வெளிய வந்துரு."

"வேணுங்கிறது கெட்டில்தான். உள்ள வா, கிழட்டு ஆடே. கூரையை எரிக்கிறதுக்கு முன்னாடி டீ குடிச்சுட்டு எரி."

தொட்டி விளிம்பையும் மேசையையும் பிடித்துப் பிடித்து, விசிலடித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போனான். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு பிஸ்கட்டைக் காட்டி ஜெஸ்ஸை வெளியே கூப்பிட்டேன். நாய்க்கு நான் வம்சாவளி பார்த்ததில்லை, அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வாசலை விட்டு வரும்போது கதவோரம் சாய்த்திருந்த இரண்டு கைத்தடிகளையும் எடுத்துக்கொண்டேன். மரியனாலும் நடக்க முடியவில்லை.

முற்றத்துச் சுவர்மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். "மர்டோ, சக்கரை விட்டுட்டியா, இல்ல இன்னும் ரெண்டு கரண்டிதானா? டீ ஆறுதுடா, நடிச்சது போதும்." அரைமணி என்றால் அரைமணி. ஒரு நிமிஷம் முந்தவில்லை. கதவை நான் பூட்டவில்லை. உங்கள் ஆட்கள் அதைக் குறித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

காய்ந்த ஹெதர் எப்படிப் பிடிக்கும் என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். அவன் என் பெயரைச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டான். முதல்முறை சிரிப்பு இருந்தது.

தீயணைப்பு வண்டி இருபத்திரண்டு மைல் தாண்டி வந்தது. மேசையில் இரண்டு கோப்பை இருந்ததாகச் சொன்னார்கள். அதை என்னிடம் சொல்லியிருக்கவேண்டாம்.

இப்போது உங்கள் மேசைமேல் இருக்கும் குறிப்பு அட்டைக்கு வருகிறேன். என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். கூடவே, ஒரு சபைப் பதிவேட்டின் கட்டுக்குள் செருகிக்கிடந்த உதிரித் தாளையும். அந்தத் தாளை எழுதியவர் 1823 வசந்தத்தில் கில்மோரனுக்கு வந்த போதகர். பதினோரு வாரம்தான் இருந்தார், காய்ச்சலில் போய்விட்டார். அச்சான எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. புதிதாக வரும் போதகர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்கும் குழந்தைக்கு அவருடைய பெயரையே வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெயர் வரிசையெல்லாம் அன்றைக்குத் தள்ளிநிற்கும். கனடாக்காரர்களுக்கு வாரம் ஒருமுறை நானே இதை விளக்குவேன். மாதிசன் வீட்டுக் குழந்தைதான் இந்த ஊரில் தன் கையால் தண்ணீர் தெளித்த முதல் குழந்தை என்று அவர் எழுதியிருக்கிறார். கீழே கையெழுத்து, நினியன் கெர்.

ஆகவே என் முடிவு தவறு. ஆராய்ச்சி செய்பவனுக்குப் பிழை நேரும். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் நீங்கள் அந்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துவிட்டீர்கள். பென்சிலை அழித்தாலும் அழுத்தின தடம் நிற்கும். "மாதிசன், நினியன். போதகர் பெயர், டல்லாக் அல்ல." எந்த அட்டையிலும் தேதி போடாமல் விடமாட்டேன். மே இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை.

எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்திருப்பான். கெட்டிலை வைத்திருப்பான். சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். நான் மறுபடி கோமாளி, மரியன் மறுபடி வெறும் குளிர். நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, தவணை நாளும் வந்துவிட்டது, என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டல்லாக்கும் அன்று காலையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அழித்தேன். ரப்பர்த் துகளை ஊதித் தள்ளினேன், பழைய புத்தகங்களுக்கு அது ஆகாது.

நினியனின் இறப்புப் படிவத்தை இன்று நிரப்புவார்கள். காரணம் என்ற இடத்தில் "தீ" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் பேனாவைக் கொடுங்கள். அந்த இடத்தில் என் பெயரை நானே எழுதித் தருகிறேன்.