கை வந்தாச்சா?

உங்களுக்கு நகம் கடிக்கிற பழக்கம் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், நான் கையைப் பார்த்துப் பேசுவேன். தொழில் அப்படி. கட்டை விரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள், பரவாயில்லை. படுக்கப் போகும்போது கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும்.

சரி, நீங்கள் கேட்டது கார் கதவைப் பற்றி. அதை மட்டும் தனியாகச் சொன்னால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள். என் தங்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் அழகைப் பங்கு பிரித்தவர் யாரோ தெரியவில்லை, தூக்கக் கலக்கத்தில் பிரித்திருக்கிறார். அம்மாவின் முகம் தங்கைக்குப் போனது, அம்மாவின் கை எனக்கு வந்தது. அப்பா லாரி மெக்கானிக். அவருடைய கை அவளுக்கு, முகம் எனக்கு. அந்த முகத்தைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் வர்ணிக்கத் தேவையில்லை.

தங்கை மாடலிங்குக்குப் போன முதல் நாள் துணைக்குப் போயிருந்தேன். வழுக்கையை மறைக்கத் தொப்பி போட்ட ஒரு போட்டோகிராபர். கன்னத்தில் கை வைத்துக் கனவு காண்பது போல உட்காரச் சொன்னார். கேமராவுக்குள் பார்த்தவர் தலையை வெளியே எடுத்தார்.

"மூஞ்சி தேவதை மாதிரி இருக்கு கண்ணு. கைதான் இப்பத்தான் டயர் மாத்திட்டு வந்த மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள், அவளுக்கு ரோஷமே கிடையாது. நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தொப்பிக்காரர் பாட்டிலை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். என் பிழைப்பு அப்படித்தான் தொடங்கியது.

எப்படி எடுப்பார்கள் என்று சொல்கிறேன். நான் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் உட்காருவேன். அவள் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வாள். அவள் அக்குள் வழியாக என் கைகள் முன்னால் போகும். கன்னத்தைத் தொடும், முடியைக் கோதும், நெக்லஸை வருடும், லிப்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது, எதிரே இருந்து வருகிற குரல்தான் கண். "கை கொஞ்சம் மேல வரட்டும். சுண்டு விரல் வெக்கப்படட்டும்." சுண்டு விரல் வெட்கப்படுவதென்றால் லேசாக வளைந்து பக்கத்து விரலுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், சுளுக்கிக்கொள்ளும். ஒருமுறை குறி தவறி அவள் மூக்குக்குள் விரலை விட்டுவிட்டேன். அந்தப் படத்தை ஸ்டுடியோ கழிவறைக் கதவில் வெகுநாள் ஒட்டி வைத்திருந்தார்கள். அதிலும் என் விரல் அழகாகத்தான் இருந்தது.

அங்கே எனக்குக் கை என்றுதான் பெயர். "முகம் மேக்கப்ல இருக்கு, கை வந்தாச்சா?" என்பார் தொப்பிக்காரர். "கை சாப்பிட்டாச்சா?" "கை பாத்ரூம் போயிருக்கு சார்." நன்றாகச் சிரிப்போம். பத்திரிகை அட்டையில் தங்கை சிரிப்பாள், அவள் தாடையை நான் தாங்கியிருப்பேன். சாலையோரத்து விளம்பரப் பலகைக்குக் கீழே நின்று என் கையை அண்ணாந்து பார்ப்பேன். பக்கத்தில் ஒருவன் அவள் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். அவன் ரசனை அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கையைக் காப்பாற்ற வேண்டாமா? வீட்டில் பாத்திரம், துணி, தரை துடைப்பது எல்லாம் தங்கைதான். "நீ கையை நனைக்காதக்கா, உனக்கு எதுக்கு இதெல்லாம்," என்று அவளே சொல்லிவிட்டாள். ஒருநாள் கொதிக்கிற எண்ணெய் தெறித்து அவள் மணிக்கட்டில் தழும்பு விழுந்தது. நல்லவேளை, படத்தில் வராத கை. இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் அவள் கை எப்படி அழகாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பிறகுதான் அந்தக் கிராப்புக்காரி வந்தாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பையன் சட்டை போட்டுக்கொண்டு ஒரு புது போட்டோகிராபர். சென்ட் விளம்பரம் ஒன்றுக்குத் தங்கையைக் கூப்பிட்டிருந்தாள். நான் பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்ததும், "இது எதுக்கு?" என்றாள். தங்கை விளக்கினாள். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அவள் சிரிக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள், காய் வாங்குகிறவள் போல.

"இதுக்கு என்ன குறைச்சல்? இந்தக் கையை வச்சே எடுப்போமே."

தங்கை என்னைப் பார்த்தாள். "எடுத்துத்தான் பாப்போமாக்கா?"

"தாராளமா எடுங்க," என்றேன். நான் பெருந்தன்மையானவள்.

என்னை வெளியே சோபாவில் உட்காரச் சொன்னார்கள். காபி வந்தது. மறுபடியும் காபி வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து உள்ளே போய்த் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

தங்கை சென்ட் பாட்டிலை ஸ்பேனர் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். முட்டி புடைத்த விரல்கள், ஒட்ட வெட்டிய நகம், அந்தத் தழும்பு, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. முகமும் வேறாக இருந்தது. என்னோடு எடுத்த படங்களில் அவள் யாரோ வந்து தொடுவதற்காகக் காத்திருப்பவள் போல இருப்பாள். இதில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

படம் சகிக்காமல் இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம், மேடம். நன்றாக இருந்தது. கையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தங்கை காருக்குள் ஒரு காலை வைத்து, கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி கிராப்புக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளையிலேருந்து அக்கா வர வேணாம். என் முதுகுக்குப் பின்னாடியே உக்காந்து உக்காந்து கழுத்து வலிதான் மிச்சம் அவளுக்கு. இனியாவது ரெஸ்ட் எடுக்கட்டும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கதவு என் பக்கம் திறந்திருந்தது. சாத்தினேன்.

அவள் போட்ட சத்தத்தில் கிராப்புக்காரி ஐஸ் எடுத்துவர உள்ளே ஓடினாள். மற்றது உங்களுக்குத் தெரியும். இரண்டு விரல் இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொன்னார், ஒன்றில் நுனி இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா மேல தப்பே இல்ல, நான்தான் கவனிக்காம கையை வச்சுட்டேன்." நான் ஊட்டிவிட்டேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், தலை வாரினேன். "நீ இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்," என்று என் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள். தேறியதும் தொப்பிக்காரரிடமே திரும்பிப் போனோம். அவர் கண்கலங்கிவிட்டார். பாத்திரம் கழுவ ஆள் வைத்துக்கொண்டோம். குடும்பம் பழையபடி ஓடியது. கிராப்புக்காரி சும்மா இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

அவள் ஸ்டுடியோ வாசலிலும் ஒரு கேமரா வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை நீங்கள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டீர்கள். "முதல்ல சாத்துனது கை தவறின்னே வச்சுக்குவோம். அவ கத்துறா, நீங்க கதவைத் திறக்குறீங்க. அப்புறம் எதுக்கு மறுபடியும் சாத்துனீங்க?"

நியாயமான கேள்வி. முதல் தடவை அவள் கையை இழுத்துவிட்டாள். பார்த்தேன், தோல்தான் உரிந்திருந்தது. அது ஆறிவிடும். ஆறினால் திரும்பவும் கிராப்புக்காரி, திரும்பவும் சோபா, திரும்பவும் காபி. எந்த வேலையையும் அரைகுறையாக விட எனக்கு வராது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கா, வலிக்குதுக்கா," என்று கையை என்னிடம் கொடுத்தாள். ஊதிவிட்டேன். அதே சட்டத்தில் திரும்ப வைத்தேன், விரல்களைச் சற்றுப் பிரித்து. எடுத்துக்கொள்வாளோ என்று நினைத்தேன், எடுக்கவில்லை. நல்ல மாடல், வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள். இந்தத் தடவை உடம்பின் பாரத்தையும் கொடுத்துச் சாத்தினேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கைக்கு மட்டும் அந்த வீடியோவைக் காட்டிவிடாதீர்கள். ஒரு தடவை சாத்தியதுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பார்த்தால் தாங்க மாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்களால் முடிந்தால் ஒரு உதவி. இரண்டாவது தடவை சாத்திவிட்டு, கதவின் மேல் கையை ஊன்றியபடி நான் திரும்பிப் பார்க்கிறேனே, அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பார்த்தீர்களா? வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து பிரமாதமாக வந்திருக்கிறது. என் முகமும் என் கையும் ஒரே படத்தில் சேர்ந்து இருப்பது அது ஒன்றில்தான், மேடம். எனக்கு ஒரு பிரதி வேண்டும்.