பத்தாம் நம்பர் பதில் சொல்லுது

மைனா: ...அதில்ல அண்ணி, அரை நாள் லீவு போட்டா ஒரு போன் அடிச்சுச் சொல்ல மாட்டீங்களா? இப்படித் திடுதிப்புன்னு வந்து நிக்கிறீங்க.

அண்ணி: என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு உன்கிட்ட எதுக்குடி சொல்லணும்? நாளைக்குக் காலையில நெட்வொர்க் பரீட்சை. ஆஸ்பத்திரி பில் கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு எங்க படிக்கிறது? சாப்பிட்டு முடிச்சிட்டல்ல? கையக் கழுவிட்டு வா. புத்தகத்தப் பிடி. கேள்வி கேளு.

மைனா: கீழ கடையில ரெண்டு சட்டை, கை வைக்காம அப்படியே கிடக்கு...

அண்ணி: கை இல்லாத சட்டை எழுந்து எங்கயும் ஓடிடாது. பாப்பா எங்க?

மைனா: கடையிலதான். பின்னாடி ரூம்ல தூங்குறா.

அண்ணி: தனியாவா விட்டுட்டு வந்த?

மைனா: சேச்சே! பட்டன் கட்டுற பொண்ணு பக்கத்துலயே இருக்கா. நான் வேணா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு...

அண்ணி: தூங்குற புள்ளையப் பாத்து என்ன பண்ணப் போற? உக்காரு. கால்ல சக்கரமா கட்டியிருக்கு உனக்கு?

மைனா: சரி, சரி... எங்க ஆரம்பிக்கிறது? இது என்ன எழுத்து... டி, எச், சி, பி. இது எதுக்கு?

அண்ணி: வீட்டுக்குள்ள புதுசா ஒரு போனோ கம்ப்யூட்டரோ வந்தா, அதுக்கு ஒரு நம்பர் எடுத்துக் குடுக்குற வேலை. லாட்ஜுல சாவி எடுத்துக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி.

மைனா: புத்தகத்துல லாட்ஜுன்னு எங்கயும் போடலையே.

அண்ணி: பரீட்சையில நான் லாட்ஜுன்னு எழுதப் போறதில்ல. அடுத்தது.

மைனா: சப்நெட் மாஸ்க். இது என்ன அண்ணி, உங்க ஆஸ்பத்திரில மூஞ்சில கட்டுவாங்களே, அதுவா?

அண்ணி: இல்ல, உன் வாயில கட்டுறது. எது நம்ம வீட்டு நம்பர், எது வெளி நம்பர்னு பிரிச்சுக் காட்டுறதுடி அது. ஒழுங்காக் கேளுடி. விளையாட்டு இல்ல இது. இத முடிச்சாத்தான் உன் அண்ணன் அவரோட மேனேஜர்கிட்ட எனக்காகப் பேச முடியும்.

மைனா: தெரியும்... பாஸ் பண்ணின கையோட பாப்பாவத் தூக்கிட்டு விமானம் ஏறிடுவீங்க.

அண்ணி: ஏன், உனக்குப் பொறாமையா?

மைனா: பொறாமை இல்ல... என்னமோ... அடுத்த கேள்வி கேக்கவா?

அண்ணி: மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? உன்னையும் கூட்டிட்டுப் போறோம், வா. அங்க போய் சட்டை தை.

மைனா: பிங். பிங்னா என்ன?

அண்ணி: ஆங்... அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு நம்பரப் போட்டு "இருக்கியா"ன்னு கேட்டா, அந்த நம்பர் வெச்சிருக்குற மெஷின் "இருக்கேன்"னு பதில் சொல்லும். அவ்ளோதான்.

மைனா: இல்லன்னா?

அண்ணி: இல்லன்னா பதில் வராது. கொஞ்ச நேரம் காத்துட்டு, டைம் அவுட்டுன்னு காட்டும். இரு, லேப்டாப்புலயே காட்டுறேன். உன் அண்ணன் போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்குற எல்லாத்துக்கும் நம்பர் கட்டினோமே, ஞாபகம் இருக்கா? அவர் எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான்.

மைனா: டிவிக்குக் கூட நம்பர் குடுத்தீங்க. நான் சிரிச்சேன்.

அண்ணி: இப்ப பாரு. டிவியக் கூப்பிடுறேன்... பாத்தியா? "இருக்கேன்"னு சொல்லுது.

மைனா: அட! ஒரு நாளும் நான் கூப்பிட்டு இவ்ளோ மரியாதையா யாரும் பதில் சொன்னதில்ல.

அண்ணி: இப்ப பதில் வராத நம்பர் ஒண்ணு காட்டுறேன். பத்தாம் நம்பர். அது உன் அண்ணன் போனுக்கு மட்டும்னு கட்டி வெச்சது, வேற யாருக்கும் போகாது. அவர் கடல் தாண்டி இருக்காரு, அதனால... பாத்துக்கிட்டே இரு... டைம் அவுட்டுன்னு...

மைனா: என்ன அண்ணி? என்னாச்சு? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அண்ணி: பதில் வருது.

மைனா: எங்க... எதுல?

அண்ணி: பத்தாம் நம்பர். இருக்கேன்னு சொல்லுது. பாரு... திரும்பவும். திரும்பவும்.

மைனா: ஏதாவது... தப்பா அடிச்சிருப்பீங்க அண்ணி. டிவி நம்பரையே போட்டுட்டீங்க.

அண்ணி: டிவிய அணைச்சிடுறேன், பாரு. இந்தா, மறுபடி அடிக்கிறேன். ஒண்ணு... சைபர்... ஐயோ. வருதுடி.

மைனா: மெஷின்தான அண்ணி. மெஷினுக்குக் கிறுக்கு பிடிக்காதா?

அண்ணி: இந்த வைஃபை தெரு வாசலத் தாண்டினாலே எடுக்காது. கீழ கடை வரைக்கும்தான். அவர் போன் இங்க இருக்கு மைனா. இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு.

மைனா: அது எப்படி...

அண்ணி: போன் இங்க இருந்தா அவர் எங்க? போன வாரம் பேசும்போதே தொண்டை கட்டியிருந்துச்சு. வீடியோ வராது, நெட்டு சரியில்லன்னாரு. அவருக்கு... அவருக்கு ஏதாவது ஆகி, சாமானையெல்லாம் யாராவது கொண்டாந்து... எனக்குச் சொல்லாம...

மைனா: ஐயோ அண்ணி! அப்படியெல்லாம் இல்ல! நல்லாத்தான் இருக்காங்க!

அண்ணி: உனக்கு எப்படித் தெரியும்?

மைனா: அது... நல்லாத்தான இருப்பாங்க. தண்ணி குடிங்க முதல்ல.

அண்ணி: தண்ணி வேணாம். அவருக்குப் போன் போடுறேன். அந்தக் குரலக் கேட்டாத்தான் எனக்கு உயிர் வரும்.

மைனா: இப்பவா? அங்க வேலை நேரம்... திட்டுவாங்க...

அண்ணி: திட்டட்டும். இரு... என் போன்ல வைஃபைய அணைச்சிடுறேன். சொந்த டேட்டாவுலயே பேசுறேன். ஸ்பீக்கர்ல போடுறேன். நீ வாயத் திறக்கக் கூடாது.

மைனா: அண்ணி, சொல்றதக் கேளுங்க...

அண்ணி: உஷ்! அடிக்குது.

அண்ணன்: ...சொல்லும்மா. ஆஸ்பத்திரில சாப்பாட்டு நேரமா?

அண்ணி: அப்பாடா... ஆமா. எங்க இருக்கீங்க?

அண்ணன்: எங்க இருப்பேன்? சைட்லதான். கேபிள் இழுத்துக்கிட்டிருக்கோம். வெயில் மண்டையப் பொளக்குது.

அண்ணி: ஏன் இவ்ளோ மெதுவாப் பேசுறீங்க?

அண்ணன்: பக்கத்துல... சூப்பர்வைசர் நிக்கிறாரு.

அண்ணி: உங்க போன் உங்ககிட்டதான இருக்கு? யாருக்கும் குடுக்கலையே?

அண்ணன்: அதுலதான பேசிக்கிட்டிருக்கேன். என்ன கேள்வி இது? பரீட்சை பயமா? பயப்படாதம்மா. நான் கண்ண மூடிக்கிட்டு எழுதிப் பாஸ் பண்ணினது அது. நீ என்னவிட...

மைனா: அண்ணி! எதுக்கு வைஃபை பெட்டி ஒயரப் பிடுங்கினீங்க!

அண்ணி: போச்சு. அறுந்துடுச்சு.

மைனா: பெட்டியப் பிடுங்கினா லைன் அறுந்துதான போகும்!

அண்ணி: என் போன் இந்தப் பெட்டில இல்ல மைனா. சொந்த டேட்டாவுல இருக்கு. எனக்கு இப்பவும் சிக்னல் இருக்கு, பாரு. அறுந்தது அவரோட பக்கம். கடல் தாண்டி இருக்குற மனுஷனுக்கு நம்ம வீட்டு ஒயரப் பிடுங்கினா எப்படிடி லைன் அறுந்து போகும்?

மைனா: தற்செயலா... அங்க ஏதாவது...

அண்ணன்: மைனா! ஏய் மைனா! மேல நெட்டு போயிடுச்சு பாரு! பெட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு! கேக்குதா? அவகூடப் பேசிக்கிட்டிருந்தேன், பாதியில போச்சு! கத்த வெக்காத, பாப்பா முழிச்சிக்குவா!

அண்ணி: இது போன்ல வரல.

மைனா: அண்ணி...

அண்ணி: இது படிக்கட்டுக்குக் கீழருந்து வருது.

மைனா: அண்ணி, உக்காருங்க. உக்காருங்க முதல்ல.

அண்ணி: பட்டன் கட்டுற பொண்ணு... அதுதானா உன் பட்டன் கட்டுற பொண்ணு?

மைனா: நான் எத்தனையோ தடவ சொன்னேன், அண்ணிகிட்டச் சொல்லிடுன்னு. அண்ணன் கேக்கவே இல்ல. சத்தியம் வாங்கிக்கிச்சு.

அண்ணி: எப்ப வந்தாரு?

மைனா: பாப்பா பொறந்தநாளுக்கு முன்னாடி.

அண்ணி: பொறந்தநாளுக்கா! அன்னிக்கு வீடியோவுல வந்தாரே! கேக் வெட்டும்போது பாட்டெல்லாம் பாடினாரே!

மைனா: கடையிலருந்துதான் பாடிச்சு. சுவத்துல வெள்ளைத் துணி கட்டிக் குடுத்தேன்...

அண்ணி: நீ துணி கட்டிக் குடுத்தியா? ஐயோ... "அப்பா வந்தாங்க, அப்பா தலை சீவி விட்டாங்க"ன்னு தினமும் புள்ள சொல்லும். ஏக்கத்துல உளறுதுன்னு நினைச்சு நான் பாத்ரூம்ல போய் அழுவேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தியே!

அண்ணன்: என்ன மைனா, காது செவிடாடி உனக்கு? நானே வந்து பாக்குறேன், தள்...

அண்ணி: வாங்க. உள்ள வாங்க. வெயில்ல நின்னவர்தான, காத்தாடியப் போடவா?

அண்ணன்: நீ... ஆஸ்பத்திரி போகலையா?

அண்ணி: அதுதான் உங்க முதல் கேள்வியா? ஏழு மாசம் கழிச்சு என்னப் பாக்குறீங்க... அதுவா கேக்கத் தோணுச்சு?

அண்ணன்: கிட்ட வராத. கண்ணப் பாத்துப் பேச என்னால முடியாது.

அண்ணி: தாடியெல்லாம்... என்ன இது, பாதியா இளைச்சுப் போயிருக்கீங்க. ராத்திரி எங்க இருப்பீங்க?

அண்ணன்: பார்சல் குடோன்ல. மூட்டை இறக்குற வேலை. காலையில நீ கிளம்பின பிறகு கடைக்கு வருவேன். நீ திரும்புறதுக்குள்ள போயிடுவேன்.

அண்ணி: ஏன்? உங்களத் துரத்திவிட்டேனா நான்? வீட்ட விட்டுப் போங்கன்னு சொன்னேனா?

அண்ணன்: அந்த சர்டிபிகேட் இருக்குன்னு சொல்லித்தான் அந்த வேலைக்குப் போனேன்.

அண்ணி: எந்த சர்டிபிகேட்?

அண்ணன்: நீ நாளைக்கு எழுதப் போறியே, அது.

அண்ணி: அதுதான் பாஸ் பண்ணிட்டீங்களே.

அண்ணன்: இல்ல.

மைனா: அண்ணா, முழுசாச் சொல்லிடு.

அண்ணன்: இங்கயே பெயில். பாஸ்னு உன்கிட்டச் சொன்னேன். நீ ரெண்டு கையாலயும் என் முகத்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச. அதுக்கு மேல நிஜத்தச் சொல்ல வாய் வரல. அங்க போனதும் காகிதத்தக் காட்டுன்னாங்க. இல்லன்னு தெரிஞ்சதும், சரி, இங்கயே எழுதுன்னு ரெண்டு வாய்ப்பு குடுத்தாங்க. ரெண்டுலயும் போச்சு. பெட்டியக் கட்டுன்னுட்டாங்க.

அண்ணி: கேபிள் வேலையில உங்கள மிஞ்ச ஆளில்லன்னு ஊரே சொல்லுமே...

அண்ணன்: கையில வேலை இருக்கு. அந்த ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்தா, நேரம் குறையுறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். கேள்வி கண்ணுல நிக்காது.

அண்ணி: அப்ப நான் யாருக்காகப் படிச்சேன்? அடுப்புல ஒரு கண்ணு, புத்தகத்துல ஒரு கண்ணுன்னு... நீங்க இருக்குற இடத்துக்கு வந்து சேரணும்னு. நீங்க என் காலுக்குக் கீழ இருந்துருக்கீங்க!

அண்ணன்: படிக்காதன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீ சந்தேகம் கேப்ப, நான் இங்க கடை ரூம்ல புத்தகத்த விரிச்சு வெச்சுப் படிச்சுட்டு, தெரிஞ்ச மாதிரி பதில் சொல்லுவேன். பொறந்தநாள் அன்னிக்கு நீங்க மேல கை தட்டினது எனக்கு ரெண்டு தடவ கேட்டுச்சு. ஒரு தடவ போன்ல. ஒரு தடவ தலைக்கு மேல.

அண்ணி: போதும்... போதும், சொல்லாதீங்க.

மைனா: என்மேலயும் தப்புதான் அண்ணி. அடிக்கணும்னா அடிச்சிடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க.

அண்ணி: உன்ன அப்புறம் வெச்சுக்கிறேன். பாப்பா எங்க?

அண்ணன்: நல்லாத் தூங்குறா. கதவத் திறந்து வெச்சிட்டுத்தான் வந்தேன். இப்ப பட்டன் கட்டுற பொண்ணு நிஜமாவே இருக்கா.

அண்ணி: சிரிக்க வெக்காதீங்க. எனக்கு இப்ப சிரிப்பு வந்தா நிக்காது, அழுகையாப் போயிடும்.

அண்ணன்: நாளைக்கு நீ போய் எழுதிடும்மா. என்ன மனசுல வெச்சு விட்டுடாத.

அண்ணி: எழுதி? அங்க போய்ச் சேர ஆளே இல்லையே.

அண்ணன்: அங்க வேணாம். இங்க, உன் ஆஸ்பத்திரிலயே கம்ப்யூட்டர் பிரிவுல கேக்கலாம். உன்னால முடியும். என்ன மாதிரி இல்ல நீ. பதில் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

மைனா: ஆமா அண்ணி! இப்பக்கூட எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு சொன்னீங்களே. நீங்க பாருங்க, முதல் தடவையிலயே பாஸ் பண்ணிடுவீங்க.

அண்ணி: முதல் தடவையா... போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆஸ்பத்திரில கணக்கு முடிக்கணும்னு சொல்லிட்டுப் போனேன்ல? கணக்குக்குப் போகல. பரீட்சை ஹாலுக்குப் போனேன். பெயில். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணின பரீட்சையில நான் பெயில்னு... உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?